களிமண்ணுக்கு ஜி.எஸ்.டி. பில் எங்கே வாங்குவது?

கல்வித் துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம். பள்ளி மானியம் எப்போது வருகிறது, எதில் கரைகிறது என்பதெல்லாம் நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. மீதி மோட்டாருக்கும் குழாய்க்கும் பதிவேடுகளுக்கும் சரியாகப் போய்விடும். மத்திய அரசின் முந்தைய கல்வித் திட்டமான சர்வ சிக்ஷா அபியான் காலத்தில் கற்பித்தல் துணைக்கருவிக்கென்று ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் தனியாக வந்தது. சின்னத் தொகைதான், ஆனால் மோட்டார் ரிப்பேர் அதைத் தொட முடியாது. அதுபோல வகுப்பறைச் செயல்திட்டத்துக்கென்று ஒரு சிறு தொகையைத் தனியாக ஒதுக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

சென்ற ஆண்டு எங்கள் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஊரின் நீர்வழியைக் களிமண்ணில் செய்தார்கள். ஏரி, மதகு, உபரி நீர் வழியும் கலங்கல், வாய்க்கால் எல்லாம். தாத்தாக்களிடம் விசாரித்து, இன்று வீட்டுமனையாகிவிட்ட ஓர் ஓடையையும் சேர்த்தார்கள். கலங்கல் எந்தப் பக்கம் என்று இரண்டு பையன்களுக்குச் சண்டையே வந்து, எல்லோரும் ஏரிக்கரைக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

செலவு 900 ரூபாய். பக்கத்து ஊர்க் குயவரிடம் களிமண், ஒரு பழைய பலகை, வண்டிக் கூலி. பள்ளி மேலாண்மைக் குழுத் தீர்மானமும் குயவர் கையெழுத்திட்ட வவுச்சரும் வைத்தேன். ‘ஜி.எஸ்.டி. பில் இணைக்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வந்தது. ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை சரக்கு விற்பவர் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவே செய்ய வேண்டியதில்லை. எங்கள் குயவர் அந்தத் தொகையை எட்டும் நாளில் நானே அவரை அழைத்துப்போய்ப் பதிவு செய்துவைக்கிறேன். அதுவரை என்ன செய்வது?

கைக்காசு போனது போகட்டும். “அடுத்த தடவை பில் கிடைக்கிற புராஜெக்டா பாருங்க டீச்சர்” என்றார் சக ஆசிரியர் ஒருவர். அவர் கேலி செய்யவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். டவுன் கடையில் அச்சடித்த சார்ட்டும் பிளாஸ்டிக் பூவும் வாங்கினால் பில் பளிச்சென்று இருக்கும். பிரிக்காமலே பீரோவில் கிடந்தாலும் ஆடிட்டில் யாரும் கேட்க மாட்டார்கள். மார்ச் பிறந்தால் ‘31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்று அனுப்புக’ என்று வாட்ஸ்அப்பில் அவசரம் வேறு. தேர்வு நேரத்தில் எந்தப் பிள்ளை களிமண் பிசையும்? படைப்பாற்றலை வளர்ப்பது எப்படி என்று எங்களுக்குப் பயிற்சி மட்டும் தவறாமல் நடக்கிறது. அந்த டீ, பிஸ்கட்டுக்குப் பில் இருக்கும் என்று நம்புகிறேன்.

சரி, கோபம் போதும். புதிய அறிவியல் யோசனை தரும் மாணவர்களுக்கான மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் விருதில் தேர்வாகும் மாணவரின் வங்கிக் கணக்குக்கே 10,000 ரூபாய் போகிறது. ஆனால் அது ஆறாம் வகுப்பிலிருந்துதான். ஒரு மாணவரை நம்பி அவ்வளவு தர முடிகிறபோது, தொடக்கப் பள்ளி ஆசிரியரை நம்பி ஆண்டுக்கு 2,000 ரூபாய் தரக் கூடாதா?

அந்த 2,000 ரூபாயைச் செயல்திட்டத்துக்கென்றே தனியாகக் கொடுங்கள். மார்ச்சில் வேண்டாம், ஜூலைக்குள் கொடுங்கள். சிறு செலவுகளுக்குக் குழுத் தீர்மானமும் வவுச்சரும் போதும் என்று ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். வரும் கல்வியாண்டுக்கு முன்பே ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவர்