காசோடு துண்டுச்சீட்டும் தந்தவர்களுக்கு

வீட்டுப் பழங்காசைப் பிள்ளைகளுக்காகக் கொடுத்த பெரியவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

தொகுப்புகள் தயாராகிவிட்டன. பிள்ளைக்கு ஆறு அலுமினியக் காசு: சதுர 1 பைசா, பூவிளிம்பு 2 பைசா, அறுகோண 3 பைசா, முனை மழுங்கிய சதுரத்தில் 5 பைசா, வளைவிளிம்பு 10 பைசா, மறுபடி அறுகோணமாய் 20 பைசா. இதில் 3 பைசாவுக்குத்தான் தட்டுப்பாடு. 1964-இல் வந்து, எழுபதுகளின் தொடக்கத்தோடு நின்றுபோன காசு அது. எத்தனை மூன்று பைசா சேர்கிறதோ அத்தனை தொகுப்புதான் போட முடியும். ஆகவே முதல் நன்றி, உண்டியலையும் அஞ்சறைப் பெட்டியையும் கவிழ்த்து அந்த ஒற்றைக் காசைத் தேடிக் கொடுத்தவர்களுக்கு.

அடுத்தது, சீட்டு எழுதிக் கொடுத்தவர்களுக்கு. யார் கையில் இருந்தது, எந்த ஊர், எதில் வைத்திருந்தார்கள் என்று மூன்றே விவரம் கேட்டிருந்தோம். 'அப்பாயி சுருக்குப்பை, வெற்றிலைக் காம்போடு கிடந்தது' என்று ஒரு சீட்டு. ஓட்டைக் காலணா ஒன்றோடு வந்தது: 'அத்தைக்கு அரைஞாண் கயிற்றில் கோத்தது.' அந்தக் காசை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓட்டையின் ஒரு பக்க ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்து, வட்டம் முட்டை வடிவமாகியிருக்கிறது. கயிறு அறுத்த இடம். விற்கப் போனால் இதைக் குறை என்று விலையைக் குறைப்பார்கள். எங்களுக்கு, தேயாத பத்துக் காலணாவைவிட இதுதான் பெரிது. 1943 முதல் 1947 வரை, போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டில் நடுவைக் குடைந்து அடித்த வெண்கலக் காசு. 64 சேர்ந்தால் ஒரு ரூபாய்.

காசைத் தேய்க்காமல் கொடுத்தவர்களுக்குத் தனி நன்றி. குத்துவிளக்குக்குப் புளி போடுகிற கை காசுக்கும் போடத்தான் பார்க்கும். புளியின் அமிலம் அழுக்கோடு மேல்படலத்தையும் அரித்துவிடும். செம்பு இரண்டு நாள் ரோஸ் நிறத்தில் பளபளத்து, பிறகு திட்டுத்திட்டாய்க் கறுக்கும். அலுமினியத்துக்குச் சாம்பலும் சோடாவும் இன்னும் மோசம், கருஞ்சாம்பல் நிறமாகி மங்கிவிடும். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஊறவைப்பதும் வேண்டாம். அதிலுள்ள உப்பு வெண்கலத்தில் தங்கினால் வெளிர்ப் பச்சைப் பொடி பூக்கும், துடைத்தாலும் திரும்ப வரும். நாங்கள் செய்தது இவ்வளவுதான்: பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் (அமிலம் கலக்காதது) ஒரு இரவு ஊறல், காலையில் நீரை மாற்றி இன்னொரு முறை, பிறகு பழைய பருத்தித் துணியில் ஒற்றி எடுப்பது. தேய்ப்பதே இல்லை. காசை எப்போதும் விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். விரல் ரேகை செம்பில் பதிந்தால் சில மாதத்தில் கறையாகத் தெரியும்.

பழைய பிளாஸ்டிக் ஆல்பத்தில் கிடந்த காசுகளில் பச்சைப் பிசுக்கு ஒட்டியிருந்தது. பி.வி.சி. உறை இளகிக் கசிந்த வினை அது. வேதியியல் ஆசிரியர் ஒருவர் அசிட்டோன் தந்து, பக்கத்திலேயே இருந்து செய்து காட்டினார். கண்ணாடிக் கிண்ணத்தில் பத்து நிமிடம், புது அசிட்டோனில் மறுபடி பத்து நிமிடம், ஜன்னல் திறந்து, அடுப்புப் பக்கம் போகாமல். நகப்பூச்சு அழிக்கும் திரவம் உதவாது. அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும்.

நகைப் பட்டறைக்காரர் ஒருவர் 0.01 கிராம் காட்டும் தராசை இரண்டு நாள் இரவல் தந்தார். வெள்ளி ரூபாய்களை அதில் நிறுத்து, எடையை எழுதி, உரியவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். பிரிட்டிஷ் மன்னர் ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாய் வைத்திருப்பவர்கள் விற்கும் முன் ஆண்டைப் பாருங்கள். எடை ஒன்றேதான், 11.66 கிராம், ஆனால் 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்துவிட்டது. 1947 ரூபாயில் வெள்ளியே இல்லை. பின்புறம் புலி இருக்கும், காந்தம் ஒட்டும், நிக்கல்.

ராமர் பட்டாபிஷேகப் படத்தோடு 1818 என்று ஆண்டு போட்ட 'கம்பெனிக் காசு' கொண்டுவந்தவர்களிடம் சொல்லச் சங்கடமாகத்தான் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. பூஜையறையில் வையுங்கள், தாராளமாக. அதை லட்சத்துக்கு வாங்குகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று யாராவது போனில் சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். தன் பெயரைச் சொல்லியே இப்படிக் கேட்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கி 2021-இல் எச்சரித்திருக்கிறது.

அட்டை உறை போட உட்கார்ந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கும் நன்றி. ஸ்டேப்ளர் பின் ஒவ்வொன்றையும் குறடால் அமுக்கித் தட்டையாக்கினார்கள். துருத்திய பின் அடுத்த உறைக் காசைக் கீறிவிடும். ரப்பர் பேண்ட் போடவே இல்லை, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கும். சீட்டைப் பென்சிலில் எழுதச் சொன்னதும் அவர்கள்தான்.

கடைசியாக, அம்மன் காசு தந்த குடும்பத்துக்கு. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நவராத்திரிக்கு ஏழைகளுக்கு அரிசியோடு கொடுத்த காசு. வாங்கிய கையிலிருந்து இறங்கி இறங்கி, இப்போது இன்னொரு முறை தானமாக வந்திருக்கிறது. இது தொகுப்பில் சேராது; எல்லாப் பிள்ளைகளும் பார்க்கும்படி தனி உறையில் இருக்கும்.

இன்னும் ஒரு டப்பா பாக்கி. மஞ்சள் பிஸ்கட் டப்பா, உள்ளே 5 பைசாக்களும் குங்குமம் படிந்த காலணா இரண்டும். பெயர் எழுதாமல் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். குங்குமத்தைத் துடைக்கவில்லை. யார் வீட்டுப் பூஜைக் காசு என்று ஒரு வரி எழுதித் தந்தால், அதற்கும் சீட்டு வைத்துவிடுவோம்.

அன்புடன்,
காசுத் தொகுப்புக் குழுவினர்