எங்கள் அல்பாக்காக்களுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஒட்டக இனத்தைச் சேர்ந்த, ரோமத்துக்காக நாங்கள் வளர்க்கும் எங்கள் அல்பாக்காக்களுக்கு இந்த ஜூன் மாத ரோமக் கத்தரிப்பு நல்லபடியாக முடிந்தது. லண்டனிலிருந்து வந்து, தரையில் படுக்கவைத்த அல்பாக்காக்களின் தலையை மணிக்கணக்கில் பிடித்துக்கொடுத்த தம்பி, தங்கைகளே, முகத்தில் எச்சில் தெறித்தும் நீங்கள் பிடியை விடவில்லை. நூலாகி வந்ததும் ஆளுக்கொரு கண்டு வீடு தேடி வரும்.

வேல்ஸில் கார்மார்தன் பக்கம் இந்த நிலத்தை வாங்கியபோதே, அதில் ஏற்கெனவே குடியிருக்கும் உயிர்களை விரட்டாமல்தான் பிழைக்க வேண்டும் என்று தீர்மானித்தோம். அதற்கு வழி காட்டியவர் எங்கள் கால்நடை மருத்துவர். மொத்த மந்தைக்கும் ஒரே நாளில் குடற்புழு மருந்து போட்டுவிடுவது சுலபம். ஆனால் ஐவர்மெக்டின் போன்ற மருந்து புழுக்கையோடு வெளியேறி, சாணவண்டுகளின் இளம்புழுக்களைக் கொல்லும். வண்டு குறைந்தால் வௌவாலுக்கும் இரை குறையும். அதனால் புழுக்கையில் புழுமுட்டைகளை எண்ணிப் பார்த்து, தேவைப்படும் உருப்படிக்கு மட்டுமே மருந்து தருகிறார். அல்பாக்காக்கள் எல்லாம் ஒரே இடத்தில் போய்ப் புழுக்கை போடுபவை. எது யாருடையது என்று தெரிய, பக்கத்திலேயே காத்திருக்க வேண்டும். அந்த வேலையை முகம் சுளிக்காமல் செய்யும் எங்கள் மகளுக்கும் முத்தங்கள். புல்லை அடிவரை கடிக்கவிடாமல் பட்டியை மாற்றிக்கொண்டே இருக்கச் சொன்ன சிவகங்கை மாமாவுக்கு நமஸ்காரம். புழுத்தொல்லை பாதி அதிலேயே அடங்கியது.

பக்கத்துப் பண்ணைப் பாட்டிக்கு எப்படி நன்றி சொல்வது? மே மாதம், 11 மாதத்துக்கு மேல் சுமந்து ஈன்ற குட்டி எழுந்திருக்கவே இல்லை. தாய்க்கும் மடி சுரக்கவில்லை. அல்பாக்காக் குட்டிக்கு நோயெதிர்ப்பு கருவறையில் கிடைக்காது, சீம்பாலில்தான் வரும். அதுவும் முதல் நாளே உள்ளே போயாக வேண்டும். பாட்டி தன் ஃப்ரீசரில் இருந்த ஆட்டுச் சீம்பாலை வெதுவெதுப்பாக்கி, புட்டியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு மழையில் நடந்தே வந்தார். குட்டியை மடியில் போட்டு, தாடையைத் தடவித் தடவிக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். விடியும்வரை வீட்டுக்குப் போகவில்லை. குட்டி இன்று மந்தையோடு ஓடுகிறது. அவருக்குத் தமிழ் தெரியாது; இந்த மடலை நானே படித்துச் சொல்லப்போகிறேன்.

குளிர்காலத்தில் உயிர்வேலிச் செடிகளின் தண்டைப் பாதி வெட்டிச் சாய்த்து, அடர்ந்த வேலியாகக் கட்டித்தந்த ஊர்க்காரர்களுக்கும் நன்றி. பறவைகள் கூடு வைக்குமுன் வேலையை முடித்துவிட்டீர்கள். மேற்கு ஓரம் இன்னும் பாக்கி இருக்கிறது. வரும் குளிர்காலத்தில் வர முடிந்தவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், சாப்பாடு எங்கள் பொறுப்பு.

அன்புடன்,
பண்ணைவீட்டார்