விரைவுக் கோவிட் பரிசோதனை செய்யும் மருந்தகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருந்தாளுநர்களுக்கும் மருந்தக உரிமையாளர்களுக்கும்,

வணக்கம்.

காய்ச்சலும் தொண்டை வலியும் கண்டவுடன் பலர் மருத்துவரைப் பார்ப்பதற்கு முன்பே உங்களிடம் வந்து ரேபிட் டெஸ்ட் எடுத்துக்கொள்கிறார்கள். நீங்கள் சொல்லும் முடிவை நம்பித்தான் அவர்கள் வேலைக்குப் போகலாமா, வீட்டில் இருப்பவர்களோடு சேர்ந்து உண்ணலாமா என்று தீர்மானிக்கிறார்கள். ஆகவே, ‘நெகட்டிவ்’ என்று சொல்லி ஒருவரை அனுப்பும்போது, அந்த முடிவுக்கு உள்ள எல்லையையும் விளக்கி அனுப்புமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ரேபிட் டெஸ்ட் எனப்படும் இந்த ஆன்டிஜென் பரிசோதனை, மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸின் புரதம் போதிய அளவு இருந்தால்தான் கோடு காட்டும்; ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையைப் போல அது வைரஸின் மரபணுப் பொருளைப் பெருக்கிப் பார்ப்பதில்லை என்பது உங்களுக்குத் தெரியும், பரிசோதனைக்கு வருபவருக்குத் தெரியாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, தொற்று உள்ளவர்களில் அறிகுறி இருந்தோரில் சராசரியாக 72 சதவீதத்தினரையும், அறிகுறி இல்லாதோரில் 58 சதவீதத்தினரையும் மட்டுமே இப்பரிசோதனைகள் கண்டறிந்தன. வீட்டில் புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவரோ தளர்ந்த முதியவரோ இருக்கும் ஒருவர், விளக்கம் ஏதுமின்றி ‘நெகட்டிவ்’ என்ற சொல்லை மட்டும் கேட்டு நிம்மதியாகத் திரும்பினால், அந்த நிம்மதியே ஆபத்தாக முடியலாம். அறிகுறி இருந்தால் 48 மணி நேரம் கழித்து மீண்டும் பரிசோதிக்க வேண்டும் என்பதையும், அதுவரை முகக்கவசம் அணிந்து ஒதுங்கி இருக்க வேண்டும் என்பதையும் வாயால் சொல்வதோடு ஒரு சிறு சீட்டிலும் எழுதிக் கொடுங்கள். இன்னொரு கிட் விற்பதற்காகச் சொல்வதாக நினைத்துவிடுவார்களோ என்ற தயக்கம் வேண்டாம். காரணத்தைச் சொன்னால் மக்கள் புரிந்துகொள்வார்கள்.

முடிவைப் பார்க்கும் நேரத்திலும் கவனம் தேவை. கடையில் கூட்டம் நெருக்கும்போது சில நிமிடங்களிலேயே பார்த்துச் சொல்லிவிடவும், மறந்துபோய் வெகுநேரம் கழித்துப் பார்க்கவும் வாய்ப்புண்டு. இரண்டுமே தவறான முடிவைத் தரக்கூடும். கிட்டில் குறித்துள்ள நேரத்துக்கு ஒரு கடிகாரத்தை வைத்து, உரிய நேரத்தில் தெரியும் மங்கலான கோட்டையும் பாசிட்டிவ் என்றே கொள்ளுங்கள். காத்திருப்பவரை மாத்திரை வாங்க வந்த முதியவர்களுக்கு நடுவே நிறுத்தாமல், காற்றோட்டமான இடத்தில் தனியே அமரச் செய்யுங்கள்.

பாசிட்டிவ் என்று வந்துவிட்டால் உங்கள் பொறுப்பு இன்னும் கூடுகிறது. நோய் தீவிரமாகும் வாய்ப்புள்ளவர்களுக்குத் தரப்படும் பாக்ஸ்லோவிட் மாத்திரையை அறிகுறி தொடங்கிய ஐந்து நாட்களுக்குள் தொடங்க வேண்டும் என்பதால், அத்தகையவர்களை அன்றைக்கே மருத்துவரை அணுகச் சொல்லுங்கள். அதில் உள்ள ரிட்டோனவிர், கொழுப்பைக் குறைக்கும் சிம்வாஸ்டாட்டின் உள்ளிட்ட பல மருந்துகளோடு ஒத்துப்போகாது. பரிசோதனைக்கு வந்தவர் வழக்கமாக வாங்கும் மருந்துகளின் விவரம் பெரும்பாலும் உங்களிடமே இருக்கும். அந்தப் பட்டியலை எழுதி அவர் கையில் கொடுத்து, மருத்துவரிடம் காட்டச் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்களிடம் பரிசோதனைக்கு வருபவர்களில் ஒருவர்