பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

போன வாரம் வீடியோவில் பேசியபோது நாற்பது நிமிஷமும் நீ நின்றுகொண்டேதான் இருந்தாய். நடுவில் ஒரு தும்மல் வந்தது. தும்முவதற்கு முன்பே மேசையை இறுகப் பிடித்துக்கொண்டாய். அம்மா கவனிக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. கேட்டால் "ஒன்றுமில்லை அப்பா" என்பாய். அதனால்தான் கடிதம். உனக்கு இடுப்பிலோ காலிலோ வலி இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம்.

உன் பதவி உயர்வு விஷயத்தை எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

இடுப்பு மட்டும் வலித்தால் வெறும் பிடிப்பாக இருக்கலாம். பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை சுரீரென்று இழுத்தால், நரம்பு வேரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன, கிளம்பும் இடம்தான் வேர். அவை வெளியே வரும் வழி குறுகலானது. எலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்கின் உறை கிழிந்து, உள்ளே இருக்கும் கூழ் பிதுங்கினால் வேரை அழுத்தும். அழுத்துவதோடு போவதில்லை, அந்தக் கூழ் பட்ட வேர் அழற்சியால் வீங்கவும் செய்யும். இருமினால், தும்மினால், முக்கினால் உள்ளே அழுத்தம் ஏறி வலி பாயும். பலருக்கு உட்கார்ந்தால் கூடும், நின்றால் குறையும். நீ நின்றுகொண்டே பேசியதை நான் வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

கோளாறு முதுகில், வலி காலில். அதனால்தான் காலைத் தேய்த்துவிட்டே நாள் போய்விடுகிறது. எந்த வேர் என்பதைப் பெரும்பாலும் கால் காட்டிக்கொடுத்துவிடும். பாதத்தின் மேல்பக்கம் மரத்து, கட்டைவிரலை நிமிர்த்தத் திணறினால் ஐந்தாவது இடுப்பு நரம்பு. சுண்டுவிரல் பக்கம் மரத்து, முன்பாதத்தில் எழும்பி நிற்க முடியாவிட்டால் அதற்கு அடுத்தது. கழுத்தில் வந்தால் இதே கதை கையில் நடக்கும்.

பயப்படாதே. பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் ஆபரேஷன் இல்லாமலே நன்றாகக் குறைந்துவிடுகிறது. பிதுங்கிய துண்டைப் பல சமயம் உடம்பே கரைத்துக்கொள்ளும். படுத்தே கிடக்காதே, தாங்குகிற அளவுக்கு நட. ஸ்கேனில் டிஸ்க் பிதுக்கம் என்று இருந்தால் அதற்காக மட்டும் கலங்காதே, வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் அப்படி இருக்கும். ஆனால் டாக்டரைப் பார். சிறுநீர் வராமல் நின்றாலோ, தெரியாமல் போனாலோ, தொடையிடுக்கும் ஆசனவாய்ப் பக்கமும் மரத்தாலோ, இரண்டு காலும் பலம் இழந்தாலோ அந்த நிமிஷமே மருத்துவமனைக்குப் போ. விடியட்டும் என்று இருக்காதே.

தனியாகப் போய்த் தனியாகக் காலூன்றியவள் நீ. அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். ஆனால் வலியை மறைப்பதும் கெட்டிக்காரத்தனம் என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? இப்படி எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

அம்மாவின் இடது செருப்பு நினைவிருக்கிறதா? கழன்று விழுந்தது தெரியாமலே நாலு அடி போய்விடுவாள், நீயும் நானும் சிரிப்போம். கால் வலிக்கிறது, டாக்டரிடம் போகலாமா என்று அதற்கு முன்பே கேட்டுக்கொண்டிருந்தாள். "பார்த்து நட" என்றேன். பிறகு வலி குறைந்துவிட்டது என்றாள், நான் நிம்மதியானேன். வலி குறைந்து பாதம் தொங்கினால் அது குணமாவது இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைக்கூட விடு. கடைசியில் டாக்டரிடம் போனபோது, "எத்தனை நாளாக இப்படி?" என்று கேட்டார். "இரண்டு வாரமாக" என்றேன். இரண்டு மாதம் ஆகியிருந்தது. அம்மா என்னை ஒரு தடவை பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. அவள் மாடிப்படி ஏறும்போதெல்லாம் அந்தக் காலின் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்கிறது.

டாக்டரைப் பார், பாப்பா. இன்றைக்கு ஒன்று செய். சுவர் ஓரமாக, பிடித்துக்கொள்ளும்படி, குதிகாலால் பத்து அடி நட, முன்பாதத்தால் பத்து அடி நட. முடிந்ததா இல்லையா என்று எழுது. ஒரு கால் பின்வாங்கினால் எனக்கு எழுதக்கூடக் காத்திருக்காதே, டாக்டரிடம் போ. எத்தனை நாளாக என்பதையும் எழுது. சரியான கணக்கை எழுது.

அப்பா