உமி வேறு, தவிடு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் ஆரோக்கியப் பக்கத்தில் அரிசியைப் பற்றி வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசியைக் குறைக்கச் சொன்னது நல்ல யோசனைதான். ஆனால் "உமியில் உள்ள வைட்டமின் பி1" என்று இரண்டு இடங்களில் அச்சாகியிருக்கிறது. அது தவிடு என்று இருந்திருக்க வேண்டும்.

நெல்லைக் குத்தும்போது முதலில் கழலும் சொரசொரப்பான மேல்தோல் உமி. அதை நாம் தின்ன முடியாது. அடுப்பெரிக்கலாம், கரியாக்கிப் பல் துலக்கலாம். உமி போன பிறகு அரிசியின் மேல் ஒட்டியிருக்கும் பழுப்புப் படலத்தைத் தீட்டினால் வருவது தவிடு. எங்கள் வீட்டில் மாட்டுத் தொட்டியில் கழுநீரோடு தவிட்டைக் கலப்போம். உமிச் சாக்கு அடுப்படியில் இருக்கும். இரண்டையும் மாற்றி எடுத்து வந்து அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறேன்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. வைட்டமின் என்ற சொல் பிறந்த கதையே தவிட்டில்தான் தொடங்குகிறது. 1890களில் ஜாவாவில் பணியாற்றிய டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மன், தீட்டிய அரிசிச் சோறு தின்ற கோழிகளுக்குக் கால்கள் விளங்காமல் போவதையும், தீட்டாத அரிசி கிடைத்ததும் அவை தேறுவதையும் கண்டார். மனிதர்களுக்கு பி1 குறைவால் வரும் பெரிபெரியும் இதே போன்ற நோய். அப்புறம் லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த போலந்துக்காரர் காசிமிர் ஃபங்க், நோயைத் தடுக்கும் அந்தப் பொருளைத் தவிட்டிலிருந்து பிரித்தெடுக்க முனைந்தார். 1912-ல் இத்தகைய சத்துகளுக்கு 'வைட்டமைன்' என்று பெயர் வைத்தார். லத்தீனில் 'வீட்டா' என்றால் உயிர். 'அமைன்' என்பது நைட்ரஜன் கொண்ட ஒருவகைச் சேர்மம். இந்தச் சத்துகள் எல்லாமே அமைன் அல்ல என்று பிறகு தெரியவந்தது. 1920-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜாக் டிரம்மண்ட், ஆங்கில எழுத்துக்கூட்டலின் கடைசி 'ஈ'யை நீக்கிவிடலாம் என்றார். அப்படி வந்ததுதான் இன்றைய வைட்டமின். பாதி அமைன் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் 'உயிர்ச்சத்து' அதையும் உதறிவிட்டு உயிரை மட்டும் வைத்துக்கொண்ட சொல். உங்கள் கட்டுரையில் அது ஒரு முறைகூட வராதது எனக்கு வருத்தம்.

பி1-க்கு உள்ள 'தயமின்' என்ற பெயரையும் விளக்கமில்லாமல் விட்டிருக்கிறீர்கள். பி1 சத்தில் கந்தகம் இருக்கிறது. கந்தகத்துக்கான கிரேக்கச் சொல்லை ஒட்டி அமைந்த பெயர் அது. 1936-ல் அதை ஆய்வகத்தில் செயற்கையாக உருவாக்கிய அமெரிக்கர் ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர். பெரிபெரியை ஆராய்வதற்காக 1918-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் மருத்துவர் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பிரிவுதான் வளர்ந்து, இன்று ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நம் பக்கத்துக் கதை இவ்வளவு இருக்க, கட்டுரை அதைத் தொடவே இல்லை.

அதைவிட முக்கியம், புழுங்கல் அரிசியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் படலத்தில் இருக்கும் பி1 அரிசிக்குள் இறங்கிவிடும். பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கும். மாகாணத்தின் வடக்கே, பச்சரிசியைத் தீட்டி உண்ட தெலுங்குக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி பரவலாக இருந்தது. புழுங்கல் சோறு தின்ற தமிழ்ப் பகுதிகளில் அது அரிது. பச்சரிசி, புழுங்கல் என்ற இரண்டு சொற்களுக்கு நடுவே அவ்வளவு பெரிய வித்தியாசம் இருந்திருக்கிறது.

அடுத்த இதழில் உமியைத் தவிடு என்று திருத்தி ஒரு குறிப்பு போடுங்கள். இடம் இருந்தால் வடிகஞ்சியைப் பற்றியும் எழுதச் சொல்லுங்கள். பி1 தண்ணீரில் கரையும். சோற்றை வடித்துக் கஞ்சியைக் கீழே கொட்டுகிற வீடுகள் இப்போது நிறைய.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
குன்னூர்