த்ரோஸ் நிறமாலைத் தொகுப்பு: இந்த வாரம் பார்க்க வேண்டியது

நண்பர்களே, வணக்கம். இந்த வாரம் எல்லோரும் த்ரோஸ் தொகுப்பைத் திறந்து பாருங்கள். ஹெர்ஷல் விண்தொலைநோக்கி 2009 முதல், குளிரூட்டும் ஹீலியம் தீர்ந்துபோன 2013 வரை சேர்த்த தரவுகளிலிருந்து 114 முதிர்ந்த நட்சத்திரங்களின் தொலை அகச்சிவப்பு நிறமாலைகளை (ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்த பதிவுகளை) எடுத்து, ஒரே முறையில் மறுபடி செப்பனிட்டு, யாரும் பயன்படுத்தலாம் என்று வைத்திருக்கிறார்கள்.

அந்த 'ஒரே முறை'தான் முக்கியம். இந்த நிறமாலைகளை எடுத்த, ஹெர்ஷலில் இருந்த பேக்ஸ் கருவி வானத்தை 5-க்கு 5 என 25 கட்டங்களாகப் பார்த்தது. நட்சத்திரம் நடுக்கட்டத்தில் சரியாக விழாவிட்டால் ஒளியில் ஒரு பங்கு பக்கத்துக் கட்டங்களுக்குப் போய்விடும். ஆளுக்கொரு விதமாகத் திருத்தினால் இரண்டு நட்சத்திரங்களை எப்படி ஒப்பிடுவது? தரையிலிருந்து திரும்ப எடுக்கவும் வழியில்லை. இந்த ஒளியை நம் காற்றிலுள்ள நீராவியே விழுங்கிவிடும். அதனால்தான் இந்தத் தொகுப்பை ஒரு பெரிய கொடையாக நினைக்கிறேன்.

முதலில் ஐஆர்சி +10216-ஐ எடுங்கள். சிம்ம விண்மீன் கூட்டத்தில் உள்ள கார்பன் நட்சத்திரம், அதாவது கார்பன் மிகுந்த முதிர்ந்த நட்சத்திரம். 186 மைக்ரான் (மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு கோடு, அதாவது அந்த வாயு ஒளிவிடும் கூர்முனை, இருக்கும், அடுத்தது 173.6, அப்புறம் 162.8 என்று வரிசையாக வரும். இப்படி அலைநீளம் குறையக் குறைய, இன்னும் சூடான வாயுவைப் பார்க்கிறோம். பிறகு ஏதாவது ஒரு கோள்வடிவ நெபுலாவை (முதிர்ந்த நட்சத்திரம் உதறிய ஒளிரும் வாயு மேகத்தை) எடுத்து, 88 மைக்ரானில் ஆக்சிஜன் அயனியின் (எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனின்) கோடு இருக்கிறதா என்று தேடுங்கள்.

கோடுகளைக் குறித்த படத்தைச் சனிக்கிழமைக்குள் இங்கேயே போடுங்கள். சந்தேகம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.