ஞாயிறு கேட்பு: கைடோ முதல் பீத்தோவன் வரை

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு மாலை 6 மணிக்கு மேலை இசையின் நெடும்பயணம்.

தொடக்கம் 11ஆம் நூற்றாண்டின் இத்தாலியத் துறவி கைடோ. அன்றைய ஏடுகளில் இருந்த இசைக்குறிகள் பல, பாட்டு ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் காட்டின. எவ்வளவு தூரம் என்பதைக் காதால் கேட்டுத்தான் பழக வேண்டும். கைடோ கோடுகள் போட்டு அந்தக் குறிகளை அவற்றில் உட்காரவைத்தார். புனித யோவானைப் போற்றும் ஒரு லத்தீன் பாடலில் ஆறு சிற்றடிகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஒரு சுரம் மேலே தொடங்கும். அவற்றின் முதல் அசைகள்தான் அவர் சுரங்களுக்குப் பெயராக எடுத்துக்கொண்ட உத், ரே, மி, ஃபா, சோல், லா. சரிகம படித்தவர்களுக்கு உடனே பிடிபடும். இதை இரண்டு முறை போடுகிறேன், கூடவே பாடிப் பாருங்கள்.

அப்புறம் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக். இயேசுவின் பாடுகளைப் பாடகர் குழுக்களும் இசைக்குழுவும் சொல்லும் அவருடைய ‘மத்தேயு பாடுகள்’ என்ற படைப்பை உலகம் ஏறக்குறைய மறந்திருந்தது. 1829இல் பெர்லினில் அதை மீட்டு நடத்தியபோது இசையமைப்பாளர் மெண்டல்சோனுக்கு வயது 20! தொடக்கப் பாடல் மட்டும் கேட்போம். ஒரு பாடகர் குழு அழைக்க, மற்றொன்று இடைமறித்துக் கேள்வி கேட்கும். ஹைடனும் மொசார்ட்டும் தனி அமர்வுக்கு.

கடைசியில் பீத்தோவனின் மூன்றாம் சிம்பொனி. முதலில் நெப்போலியனை மனத்தில் வைத்து எழுதியது; பிறகு அவர் மீது கோபம் வந்து, முகப்புத் தாளில் நெப்போலியன் பெயரைச் சுரண்டியதில் காகிதமே ஓட்டையாகிவிட்டது. அந்தப் பிரதி இன்றும் வியன்னாவில் இருக்கிறது, படம் அனுப்புகிறேன். தொடக்கத்தில் இசைக்குழு சேர்ந்து ஓங்கி ஒலிக்கும் இரண்டு அதிரடி ஒலிகளைத் தவறவிடாதீர்கள். ஹெட்போன் இருந்தால் நல்லது. வருபவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள்.